கொடிகாமத்துப் பேரப்பிள்ளைகளும் அயல்நாட்டு வகுப்பறைகளும்

தேங்காய்க்கும் பலாப்பழத்துக்கும் பெயர்பெற்ற சந்தையைக் கொண்ட கொடிகாமத்திலிருந்து, 1983 இனக்கலவரத்தின் பின்னரும், 2000ஆம் ஆண்டில் தென்மராட்சி போர்க்களமான பின்னரும் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அயல்நாட்டுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் மருத்துவரானோரின் செய்தியே ஊருக்கு விரைந்து வந்து சேர்வதால், தமிழ்ப் பிள்ளைகள் இயல்பிலேயே படிப்பில் வல்லவர்கள் என்ற நம்பிக்கை இங்கு வேரூன்றியுள்ளது.

அந்த நம்பிக்கை பாதி உண்மையே. நோர்வேயில் பிறந்த இலங்கைப் பின்னணியினர் உயர்கல்வியில் சேரும் விகிதம், அதே வயதுடைய ஏனையோரின் விகிதத்தைவிட உயர்ந்திருப்பதை அந்நாட்டுப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. பெற்றோரிற் பலரோ மீன் பதனிடும் ஆலைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் உழைத்தவர்கள். 1970களின் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குரிய வெட்டுப்புள்ளியை முதலில் மொழிவாரியாகவும் பின்னர் மாவட்டவாரியாகவும் மாற்றியமைத்த முறை, தமக்கு அடைத்த கதவு பிள்ளைகளுக்காவது திறக்கவேண்டும் என்ற வேட்கையை அத்தலைமுறை கடல் கடந்தும் சுமந்து சென்றது.

மீதிப் பாதியைத் தீர்மானிப்பது பள்ளியமைப்பு. நோர்வேயில் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகவே பயில்கின்றனர். ஏழாம் வகுப்புவரை புள்ளியிடும் வழக்கமும் இல்லை. சுவிற்சர்லாந்தின் பெரும்பாலான மாநிலங்களிலோ ஆறாம் வகுப்பு முடிந்ததும், ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்ததும், மாணவர் தரவாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு ஜேர்மன் மொழி முழுதாக வசப்படுமுன்னரே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது; உணவகச் சமையலறையில் நள்ளிரவுவரை நிற்கும் தந்தைக்கு ஆசிரியரிடம் பிள்ளைக்காக வாதிட நேரமும் இல்லை, மொழியும் இல்லை. 15 வயது மாணவரின் திறனை 2000 முதல் நாடுவாரியாக அளந்துவரும் பீசா ஆய்வில், குடியேறியோர் பிள்ளைகளுக்கும் ஏனையோருக்கும் இடையிலான இடைவெளி கனடாவில் மிகச் சிறிதாகவும் இவ்விரு நாடுகளிலும் பெரிதாகவும் காணப்படுவதற்கு, கல்வித் தகுதி பார்த்துக் குடியேற்றும் கனடாவின் கொள்கை ஒரு காரணமெனினும், இளவயதுத் தரம்பிரிப்புக்கும் அதில் பங்குண்டு.

ஆகவே விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளை தொழிற்பயிற்சிப் பிரிவில் படிப்பதாகச் சொன்னால், உறவினர் முகஞ்சுளிப்பது அநீதி. சுவிற்சர்லாந்தில் தொழிற்பயிற்சியோடு தொழில்சார் முதிர்வுத் தேர்விலும் சித்தியடைந்தவர், பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறலாம்.