தரவுத்தளத்துக்குப் பொதுவாயில் வேண்டாம்: தனி வலையமைப்புக்குள் இயங்கும் 'கிளவுட் ஷெல்'

திருவனந்தபுரம்: கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட டெக்னோபார்க், நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். மும்பையிலோ ஹைதராபாத்திலோ உள்ள தரவு மையத்தின் சர்வரை இங்கிருந்தபடியே கட்டளைகள் மூலம் இயக்குவது, இத்தகைய பூங்காக்களில் பணிபுரியும் பொறியாளர்களின் அன்றாட வேலை.

இதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று 'கிளவுட் ஷெல்'. கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவாமல், பிரவுசரிலேயே கட்டளைகளை இயக்க இது வழிசெய்கிறது. அமேசான் வெப் சர்வீசஸ் (ஏடபிள்யூஎஸ்) இச்சேவையை 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது.

ஆனால், வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய தரவுத்தளம் பெரும்பாலும் இணையத்திலிருந்து நேரடியாக அணுக இயலாத தனி வலையமைப்பில் வைக்கப்படுகிறது. வழக்கமான கிளவுட் ஷெல் அதற்கு வெளியே இயங்குவதால், தரவுத்தளத்தை எட்ட முடியாது. அவசரத்தில் சிலர், 'சிறிது நேரத்துக்குத்தானே' என்று தரவுத்தளத்தின் வாயிலை இணையத்துக்குத் திறந்துவிடுகின்றனர். பின்னர் மூட மறந்தும் விடுகின்றனர். திறந்த வாயில்களைத் தேடி இணையத்தை இடைவிடாது துழாவும் தானியங்கி நிரல்களுக்கு அந்தச் சிறிது நேரமே போதும்.

இதற்குத் தீர்வாக, கிளவுட் ஷெல்லையே தனி வலையமைப்புக்குள் கொண்டுவரும் வசதியை ஏடபிள்யூஎஸ் 2024 ஜூனில் வெளியிட்டது. புதிய சூழலை உருவாக்கும்போது வலையமைப்பு, அதன் உட்பிரிவான சப்நெட், போக்குவரத்தை நெறிப்படுத்தும் செக்யூரிட்டி குரூப் ஆகியவற்றைத் தேர்வு செய்ய வேண்டும். அந்தக் குரூப்பிலிருந்து வரும் இணைப்பைத் தரவுத்தளத்தின் பக்கத்திலும் அனுமதிக்க வேண்டும். இல்லையெனில், உள்ளே இருந்தும் பயனில்லை. ஒரு பயனர் இத்தகைய இரண்டு சூழல்களை மட்டுமே வைத்திருக்க முடியும்.

வசதிக்கு ஈடாகச் சில இழப்புகளும் உண்டு. வழக்கமான ஷெல்லில் 1 ஜிபி நிலையான சேமிப்பிடம் கிடைக்கும். தனி வலையமைப்புச் சூழலில் அது இல்லை. சிறிது நேரம் பயன்படுத்தாமல் விட்டாலே சூழல் முடிவுக்கு வந்து, கோப்புகள் அழிந்துவிடும். பாதி எழுதிய நிரலை அங்கேயே விட்டு உணவருந்தச் செல்வது உசிதமன்று. இணைய இணைப்பும் தானாகக் கிடைக்காது. பொது சப்நெட்டைத் தேர்ந்தெடுத்தாலும் இதே நிலைதான். மென்பொருள்களைத் தரவிறக்க வேண்டுமெனில், கட்டணம் செலுத்தி 'நாட் கேட்வே' அமைக்க வேண்டும்.

மைக்ரோசாப்டின் அஸூர் தளத்திலும் இதேபோன்ற வசதி உள்ளது. அங்கு பிரவுசரையும் ஷெல்லையும் இணைக்க 'ரிலே' என்ற கட்டணச் சேவை கூடுதலாகத் தேவை.

கணினிப் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும், இணையப் பாதுகாப்பு மீறல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவிட்டது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெல்லில் தட்டச்சு செய்யும் தரவுத்தளக் கட்டளைகள் ஏடபிள்யூஎஸ் கணக்கின் 'கிளவுட் டிரெயில்' பதிவில் இடம்பெறுவதில்லை. தரவுத்தளத்தின் தணிக்கைப் பதிவைத் தனியே இயக்க வேண்டும். ஊழியர்கள் எந்த வலையமைப்பில் ஷெல்லைத் திறக்கலாம் என்பதை அனுமதி விதிகள் மூலம் நிர்வாகி வரையறுக்கவும் இயலும்.