மாட்டுத் திருடன் என்று சொன்னது யார்?

1892 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் வயோமிங் மாநிலத் தலைநகரான ஷையெனிலிருந்து காஸ்பர் ஊருக்கு ஒரு தனி ரயில் கிளம்பியது. ஜன்னல் திரைகளை இறக்கி விட்டிருந்தார்கள். உள்ளே ஏறக்குறைய ஐம்பது பேர்: பெரிய மாட்டுப் பண்ணை முதலாளிகள், அவர்களுடைய மேலாளர்கள், டெக்சாஸிலிருந்து கூலிக்குக் கூட்டி வந்த இருபதுக்கும் மேற்பட்ட துப்பாக்கிக்காரர்கள். கொல்ல வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றும் கூடவே போனது. அதில் சுமார் எழுபது பெயர்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். கூலி நாளுக்கு 5 டாலர், விழும் ஆளுக்கு 50 டாலர் என்று பேசப்பட்டதாக, அந்தக் கூட்டத்தோடு போன ஒருவரே பிற்பாடு வாக்குமூலம் கொடுத்தார்.

பட்டியலில் இருப்பவர்கள் மாட்டுத் திருடர்கள் என்பதுதான் முதலாளிகள் சொன்ன காரணம். பத்து ஆண்டுகள் கழித்து, 1902இல், அந்தக் காரணத்தை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு ஒரு நாவல் வந்தது. ஓவன் விஸ்டர் எழுதிய ‘தி வர்ஜீனியன்’. அதிகம் பேசாத நாயகன், கிழக்கிலிருந்து வரும் பள்ளி ஆசிரியை, பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போய்விடு என்ற கெடு, கடைசியில் தெருவில் நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை: கௌபாய் கதை என்றதும் நம் மனதில் எழும் உருவம் நிலைபெற்றது அந்தப் புத்தகத்தில்தான். வந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற நாவல்களில் அது ஒன்று. 1929இல் கேரி கூப்பர் நடித்த பேசும் படமானது. 1962 முதல் 1971 வரை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது.

கௌபாய் கதைகள் எனக்குப் பிடிக்கும். பிடித்த ஒன்றைப் பற்றித்தான் இந்த எச்சரிக்கையை எழுதுகிறேன். இந்தக் கதைகளின் இன்பம் ஒரு குறிப்பிட்ட நியாயத்தின்மேல் நிற்கிறது. அந்த நியாயம் யாருடையது என்று தெரியாமல் வாசிப்பது நல்லதல்ல.

வயோமிங்கின் மேய்ச்சல் வெளி எந்த முதலாளிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. அது மத்திய அரசின் நிலம்; நம் ஊர்ச் சொல்லில் புறம்போக்கு. பெரிய பண்ணைகள் அதில் காசு கொடுக்காமல் ஆயிரக்கணக்கான மாடுகளை மேய்த்தன. பின்னால் இருந்த பணத்தில் கணிசமான பங்கு கடல் கடந்து வந்தது. 1883இல் தொடங்கிய ஸ்வான் லேண்ட் அண்ட் கேட்டில் கம்பெனியின் பங்குதாரர்கள் ஸ்காட்லாந்தில், எடின்பரோவைச் சுற்றி இருந்தவர்கள். அதே நிலத்தில், 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கர் கேட்டுச் சிறு குடியேறிகள் வந்து வேலி போட்டார்கள். தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் போட்டார்கள். தகராறின் வேர் அந்தத் தண்ணீர்.

வயோமிங் மாட்டுப் பண்ணையாளர் சங்கம் சட்டத்தைத் தன் பக்கம் வளைத்தது. 1884இல் இயற்றப்பட்ட சட்டப்படி, சூட்டுக்குறி இல்லாமல் வெளியில் திரியும் கன்றுகளைச் சங்கத்தின் மேற்பார்வையில் ஏலம் விட்டு, பணத்தைச் சங்கமே எடுத்துக்கொள்ளலாம். தன் பசு ஈன்ற கன்றுக்குத் தானே சூடு போட்ட சிறு விவசாயியைத் திருடன் என்று சொல்ல இந்த ஒரு சட்டமே போதும். சொந்தமாக மாடு வைத்திருந்த கூலி கௌபாய்களைச் சங்கம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. பிறகு அவர்களுக்கு எந்தப் பெரிய பண்ணையிலும் வேலை கிடைக்காது. 1886–87 குளிர்காலப் பனியில் மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. ஸ்வான் கம்பெனி 1887இல் கடும் நெருக்கடியில் விழுந்தது. நட்டக் கணக்கைப் பங்குதாரர்களுக்கு விளக்க வேண்டிய மேலாளர்களுக்குத் திருடர்கள் தேவைப்பட்டார்கள் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

1889 ஜூலை 20 அன்று ஸ்வீட்வாட்டர் பள்ளத்தாக்கில் எல்லா வாட்சன் என்ற பெண்ணையும் ஜேம்ஸ் ஆவரெல் என்பவரையும் ஆறு பண்ணை முதலாளிகள் பிடித்துக்கொண்டு போய் ஒரு மரத்தில் தூக்கிலிட்டார்கள். எல்லா வாட்சன் தன் பெயரில் ஹோம்ஸ்டெட் நிலம் கேட்டு விண்ணப்பித்தவர். ஆவரெல் கடை நடத்தியவர், தபால் அலுவலகம் பார்த்தவர், பெரிய நிலக்காரர்களைக் கண்டித்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். ஷையென் நாளேடுகள் எல்லா வாட்சனை ‘கேட்டில் கேட்’ என்ற பெயரில் விலைமகளாகவும் மாடு திருடியாகவும் வரைந்தன. வேறொரு பெண்ணைப் பற்றிய கதைகளையும் அவர் தலையில் கட்டின. முக்கியச் சாட்சிகள் காணாமல் போனார்கள், அல்லது இறந்தார்கள். ஆறு பேரில் ஒருவர்கூட விசாரணைக் கூண்டில் ஏறவில்லை. அந்தப் பத்திரிகைச் சித்திரம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வரலாறாகவே நடமாடியது. அதைத் தகர்க்கப் பிற்கால ஆய்வாளர்கள் நிலப் பதிவேடுகளைத் தோண்ட வேண்டியிருந்தது.

அடுத்தது அந்த ரயில். காஸ்பரில் இறங்கிய கூட்டம் குதிரையேறி வடக்கே போய், ஏப்ரல் 9 விடியற்காலையில் கேசி பண்ணையின் சிறிய மரக்குடிசையைச் சூழ்ந்தது. உள்ளே நேட் சாம்பியன், நிக் ரே என்ற இருவர். சாம்பியன் சிறு பண்ணையாளர்கள் தங்களுக்கென்று தொடங்கிய சங்கத்தில் முன்னால் நின்றவர். அவர்களோடு இரவு தங்கியிருந்த வேட்டைக்காரர்கள் இருவரும் தண்ணீர் எடுக்கவும் மற்ற வேலைக்கும் வெளியே வந்தபோது பிடிபட்டார்கள். நிக் ரே வாசலிலேயே சுடப்பட்டு, உள்ளே இழுத்துக் கிடத்தப்பட்டு, சில மணி நேரத்தில் இறந்தார். சாம்பியன் தனி ஆளாகப் பகல் முழுவதும் எதிர்த்துச் சுட்டார். இடையிடையே ஒரு சிறு குறிப்பேட்டில் நடப்பதை எழுதிக்கொண்டே இருந்தார். மாலையில் குடிசைக்குத் தீ வைத்தார்கள். வெளியே ஓடி வந்தவரைச் சுட்டு வீழ்த்தி, மாட்டுத் திருடர்களுக்கு எச்சரிக்கை என்ற வாசகத்தை உடல்மேல் குத்தி வைத்தார்கள். கொலையாளிகளோடு கூடவே வந்திருந்த சிகாகோ நிருபர் வழியாகத்தான் அந்தக் குறிப்பேட்டின் வாசகம் அச்சுக்குப் போனது.

செய்தி பரவியதும் ஜான்சன் கவுண்டி ஷெரிஃபும் ஊர்க்காரர்கள் இருநூறு பேரும் திரண்டு, டிஏ பண்ணையில் கொலையாளிகளை வளைத்தார்கள். ஷையெனிலிருந்து வாஷிங்டனுக்குத் தந்தி பறந்தது. ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் குதிரைப்படையை அனுப்பினார். படை யாரைக் காப்பாற்றியது என்பதைக் கவனியுங்கள்: முற்றுகையில் சிக்கிய முதலாளிகளை. கேசி பண்ணையில் பிடிபட்டு, சாட்சிகளாக இருந்த வேட்டைக்காரர் இருவரையும் முதலாளிகள் தரப்பினர் மாநிலத்தை விட்டே அகற்றினார்கள். சிறைச் செலவையும் வழக்குச் செலவையும் ஜான்சன் கவுண்டியின் கஜானா தாங்கவில்லை. ஜாமீனில் போன டெக்சாஸ் ஆட்கள் திரும்பவில்லை. 1893 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது.

கூட்டத்தின் தலைவர் மேஜர் ஃபிராங்க் வோல்காட். ஓவன் விஸ்டர் 1885இல் முதன்முதலாக வயோமிங் வந்தபோது தங்கியது இதே வோல்காட்டின் பண்ணையில்தான். விஸ்டர் பிலடெல்பியாவின் வசதியான வீட்டுப் பிள்ளை, ஹார்வர்டில் படித்தவர். அங்கே நண்பரான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்குத்தான் நாவலைச் சமர்ப்பித்தார். ரூஸ்வெல்ட்டும் டகோட்டாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். விஸ்டர் பொய் சொல்ல உட்கார்ந்தார் என்று நான் நினைக்கவில்லை. விருந்தோம்பியவர்களின் கண் வழியே பார்த்ததை அழகாக எழுதினார். இந்த அழகுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

நாவலின் பிற்பகுதியில் நாயகன் தன் பழைய நண்பன் ஸ்டீவை மாடு திருடியதற்காகத் தூக்கிலிடுகிறான். திருட்டு நடந்ததா என்ற கேள்விக்கே கதையில் இடமில்லை. ஸ்டீவ் குற்றவாளி என்று முடிவான பிறகுதான் வாசகர் அந்தக் காட்சிக்குள் நுழைகிறார். தூக்கு நடக்கும் நேரத்தில் கதைசொல்லி அங்கே போவதில்லை, ஒதுங்கி இருந்துவிடுகிறார். துயரம் முழுவதும் கயிறு போட்டவனுடையதாகிறது. ஆசிரியை மோலி கலங்கும்போது நீதிபதி ஹென்றி அவளுக்கு விளக்கம் சொல்கிறார்: தெற்கே கறுப்பின மக்களைப் பொது இடத்தில் எரிப்பது வேறு, வயோமிங்கில் மாட்டுத் திருடனைத் தூக்கிலிடுவது வேறு, நீதிமன்றம் தவறும்போது மக்கள் தங்கள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்லும் நீதிபதி ஹென்றி நாயகனின் முதலாளி, பெரிய பண்ணையின் சொந்தக்காரர்.

சாம்பியன் கொல்லப்பட்ட அதே 1892இல் அமெரிக்காவில் கும்பல் கொலைகளுக்குப் பலியானவர்கள் 230 பேர் என்கிறது டஸ்கீகீ நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் எந்த ஆண்டிலும் இதைவிடப் பெரிய எண் இல்லை. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் வாசகர்கள் லட்சக்கணக்கில் நீதிபதி ஹென்றியின் வாதத்தைக் காதல் கதையோடு சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள்.

தெருச் சண்டைப் புராணமும் இப்படித்தான் வளர்ந்தது. அரிசோனாவின் டூம்ஸ்டோனில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த ஓகே கொரால் சண்டை அரை நிமிடத்தில் முடிந்தது, மூன்று பேர் இறந்தார்கள். ஊருக்குள் ஆயுதம் தாங்கி நடப்பதை அந்த நகரத்தின் விதி தடை செய்திருந்தது. ஆயுதத்தைப் பறிக்கப் போன இடத்தில் வெடித்த சண்டை அது. அப்படிப் பறிக்கப் போனவர்களில் ஒருவரான வையட் எர்ப் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1931இல், ஸ்டூவர்ட் லேக் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரை மாவீரனாக்கியது. துப்பாக்கிக் கட்டுப்பாடு கதையிலிருந்து மறைந்து துப்பாக்கி மட்டும் மிஞ்சியது. மாடு ஓட்டிய கௌபாய்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோ வம்சத்தவரும் ஏராளம். அவர்களும் அட்டைப்படத்தில் இல்லை. எல்லோருக்கும் முன்னால் அந்த நிலத்தில் இருந்த ஷையென், லகோட்டா, அரப்பாஹோ மக்களோ முதலாளிகளுக்கும் குடியேறிகளுக்கும் நடந்த சண்டையில் ஒரு தரப்பாகக்கூட எண்ணப்படவில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் கதை இழுக்கிறது. சிவில் வழக்கு தலைமுறை தாண்டி இழுபடும் நாட்டில், நூறாவது பக்கத்துக்குள் தீர்ப்பும் தண்டனையும் முடிந்துவிடும் உலகம் யாரைத்தான் கவராது? தமிழில் லயன், முத்து காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டார்கள். டெக்ஸ் 1948இல் இத்தாலியில் போனெல்லியும் கலெப்பினியும் படைத்தவர். ரேஞ்சராக இருந்துகொண்டே நவஹோ மக்களின் தலைவர் இரவுக் கழுகாகவும் வருபவர். பழங்குடியினர் பக்கம் நின்று பேசும் அந்தத் தொடர் விஸ்டரைவிட எவ்வளவோ நேர்மையானது. ஆனாலும் உதைத்து உண்மையை வாங்குவதும், நீதிமன்றத்துக்கு முன்பே கணக்கை முடிப்பதும் அங்கேயும் இன்பமாகவே வைக்கப்படுகின்றன. வில்லன் கெட்டவன் என்பது நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். நிஜத்தில் அப்படி யாரும் நமக்கு முன்கூட்டியே காட்டித் தருவதில்லை. காட்டித் தருபவர் இருந்தால், அவருக்கு அந்த நிலத்தில் என்ன பங்கு என்று விசாரிக்க வேண்டும்.

இந்த வடிவத்துக்குள் இருந்தே அதைச் செய்த புத்தகமும் இருக்கிறது. வால்டர் வான் டில்பர்க் கிளார்க் 1940இல் எழுதிய ‘தி ஆக்ஸ்-போ இன்சிடெண்ட்’. நெவாடாவில் ஒரு பண்ணைக்காரர் கொல்லப்பட்டார், மாடுகள் களவு போயின என்ற செய்தி கேட்டு ஊர் திரண்டு போய் மூன்று பேரைத் தூக்கிலிடுகிறது. திரும்பும் வழியில், கொல்லப்பட்டதாகச் சொன்ன பண்ணைக்காரர் உயிரோடு இருப்பது தெரிகிறது. அதே குதிரைகள், அதே குளிர், அதே கயிறு. ‘தி வர்ஜீனிய’னை வாசிக்க எடுப்பவர்கள் இதையும் சேர்த்து எடுக்க வேண்டும், முடிந்தால் இதை முதலில்.

நம் பதிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெஸ்டர்ன் காமிக்ஸின் கடைசியில் அடுத்த வெளியீட்டு விளம்பரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குகிறார்கள். கதை நடக்கும் இடம், ஆண்டு, அங்கே உண்மையில் யார் நிலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கும் அதே போல ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வயோமிங் கதை என்றால் எல்லா வாட்சன், ஜேம்ஸ் ஆவரெல், நிக் ரே, நேட் சாம்பியன் என்ற நான்கு பெயர்களையாவது அதில் அச்சிடுங்கள்.