ஆயுதமும் கடிவாளமும்

1895. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பெல்ஜிய மருத்துவர் ஜூல்ஸ் போர்டே காலராக் கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் சீரம் அந்தக் கிருமியைக் கொன்றது. அதே சீரத்தை 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியதும் அந்தத் திறன் போய்விட்டது. காலராவையே கண்டிராத விலங்கின் புதிய சீரத்தைச் சேர்த்ததும் மீண்டும் வந்தது. சூட்டைத் தாங்கும் ஆன்டிபாடியுடன், சூட்டில் அழியும் இன்னொன்றும் ரத்தத்தில் இருப்பது தெரிந்தது. அதுதான் காம்ப்ளிமென்ட். தடுப்பூசியோ முந்தைய நோயோ அதற்குத் தேவையில்லை. பிறவியிலேயே வாய்த்த பாதுகாப்பு அது. போர்டேவுக்கு 1919-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காம்ப்ளிமென்ட் என்பது 30-க்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. நடுநாயகம் சி3. ஒரு லிட்டர் சீரத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். இதற்குள் ஒரு வேதிக் கொக்கி மறைந்திருக்கிறது. சி3 வெட்டுப்பட்டதும் கொக்கி வெளியே வந்து, கணப்பொழுதில் அருகிலிருக்கும் பரப்பைப் பற்றிக்கொள்ளும். பற்ற எதுவும் கிடைக்காவிட்டால் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். ஒட்டிய துண்டு மேலும் பல சி3-களை வெட்ட வழிசெய்யும். சில நிமிடங்களில் கிருமியின் மேல் அவை அப்பிக்கொள்ளும். வெள்ளை அணுக்கள் அந்த அடையாளத்தைப் பிடித்துக் கிருமியை விழுங்கும். வெட்டில் சிதறும் சிறு துண்டுகள் ரத்தக்குழாயை விரித்து, மேலும் வெள்ளை அணுக்களை அழைக்கும். புண்ணைச் சுற்றிய சிவப்பிலும் வீக்கத்திலும் இவற்றுக்கும் பங்குண்டு. இறுதியில் சி5 முதல் சி9 வரையான புரதங்கள் வளையமாகச் சேர்ந்து, சில கிருமிகளின் சவ்வில் சுமார் 10 நானோமீட்டர் அகலத் துளையிடும். தடித்த சுவருள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் இதற்கு மசியாது. அதை விழுங்கித்தான் தீர்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், சி3-யின் கொக்கிக்கு நம் செல், கிருமி என்ற பேதம் தெரியாது. எந்நேரமும் கொஞ்சம் சி3 தானாகவே விழித்தபடி இருக்கும். நம் செல்களைக் காப்பது அவற்றின் மேலுள்ள சிடி55, சிடி59 என்ற தடுப்புப் புரதங்களும், ரத்தத்தில் மிதக்கும் ஃபேக்டர் ஹெச்சும்தான். பிஎன்ஹெச் என்ற அரிய நோயில் சிவப்பணுக்கள் முதல் இரண்டையும் இழந்து, காம்ப்ளிமென்ட்டாலேயே உடைகின்றன; காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எகுலிசுமாப் மருந்து சி5-ஐத் தடுத்து இதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால், துளையிடும் வளையம் இல்லாமல் போவதால் மெனிங்கோகாக்கஸ் கிருமி தாக்கும் ஆபத்து பன்மடங்கு கூடும். எனவே முன்கூட்டியே தடுப்பூசி போடுகிறார்கள்.

இந்தக் கிருமியும் லேசுப்பட்டதல்ல. நம் ஃபேக்டர் ஹெச்சையே பிடித்துத் தன் மேல் போர்த்திக்கொண்டு தப்பிக்கிறது. அப்படிப் பிடிக்க உதவும் அதன் புரதத்தையே விஞ்ஞானிகள் ‘பி’ வகை மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசியில் சேர்த்துவிட்டார்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. கூடினாலே நன்மை என்பது தவறான எண்ணம். கடிவாளம் தளர்ந்த எதிர்ப்பு நம் ரத்தத்தையே அழிக்கும். அளவுக்கு மீறி அடக்கினால் கிருமி முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவிலான சமநிலைதான் ஆரோக்கியம்.