கமரா பார்த்தது, முகம் தெரியவில்லை: கொடிகாமத்து முற்றமொன்றில் வெளிச்சத்தை இணைத்த கதை

கொடிகாமத்தில் ஏ9 வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையொன்றில் என் மாமியின் வீடு இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் கனடாவில். மாமா இறந்த பிறகு மாமி அந்த வளவில் தனியே இருக்கிறார். அம்மா தனிய இருக்கிறா என்ற கவலையில் மகன் பணம் அனுப்பி, வீட்டைச் சுற்றி நான்கு கமராக்களைப் பூட்டுவித்தார். சில மாதங்களின் பின்னர் ஓர் இரவு, இரண்டு மணியளவில், யாரோ வேலியால் புகுந்து கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

கமரா எல்லாவற்றையும் பதிவுசெய்திருந்தது. ஆள் வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. உடம்பில் வெள்ளைச் சேட்டு. அந்தக் காணொளி வட்ஸ்அப்பில் கனடா போய், அங்கிருந்து ஊருக்குத் திரும்பி வந்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அன்று மாலை வெள்ளைச் சேட்டுடன் கோயிலுக்கு வந்திருந்த ஒரு பொடியனின் பெயர்தான் அதிகம் அடிபட்டது.

முகத்தை மூடிய ஒருவர் தலையை ஆட்டினால் ஒரு மனிதர் காணாமல் போகக்கூடிய காலம் ஒன்றை நாங்கள் கடந்து வந்திருக்கிறோம். தலையாட்டி என்ற சொல் இன்னும் எங்கள் பேச்சில் இருக்கிறது. தெளிவில்லாத ஒரு படத்தை வைத்து அயல் பிள்ளை ஒருவனைச் சுட்டும்போது அந்தச் சொல் எனக்கு ஞாபகம் வந்தது. பிழை எங்கே என்று தேடியபோது, கமராவில் குறையில்லை, வெளிச்சம்தான் இல்லை என்பது புரிந்தது.

இருட்டில் கமரா எதைப் பார்க்கிறது?

பெரும்பாலான வீட்டுக் கமராக்கள் இருட்டியதும் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, அது திரும்பி வருவதைக் கொண்டு படம் எடுக்கின்றன. மனிதக் கண்ணுக்கு அந்தக் கதிர் தெரியாது. படம் கறுப்பு வெள்ளையாகவே வரும். ஆள் கமராவுக்கு அருகே வந்தால் கதிர் முகத்தில் பட்டுத் திரும்பி, முகம் வெளிறிப்போகும். தூரத்தில் நின்றால் இருளோடு கலந்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அகச்சிவப்பில் துணியின் நிறம் பொய் சொல்லும். கறுப்பு, கடும் நீலச் சாயம் போட்ட பல துணிகள் அந்தக் கதிரைத் திருப்பி அனுப்புவதால் படத்தில் வெள்ளையாகத் தெரியும். மாமியின் வளவுக்குள் வந்தவர் அணிந்திருந்தது கறுப்புச் சேட்டாகவும் இருந்திருக்கலாம். அந்தப் பொடியனின் மேல் விழுந்த சந்தேகத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் இதுதான்.

சாதாரண வெள்ளை வெளிச்சம் விழுந்தால் கமரா நிறப் படத்துக்கு மாறும். உடையின் நிறம், சைக்கிளின் நிறம், முகத்தின் சாயல் எல்லாம் கிடைக்கும். அப்படியானால் இரவு முழுவதும் ஒரு பெரிய லைற்றை எரியவிட்டால் போதாதா? 50 வாற் எல்.ஈ.டி. லைற் ஒன்று தினமும் 12 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 18 அலகு. மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டை இது அந்த எல்லைக்கு வெளியே தள்ளிவிடக்கூடும். எல்லையைத் தாண்டினால் தொடக்க அலகுகளுக்கும் கட்டண வீதம் மாறிவிடும். ஆள் வரும்போது மட்டும் எரியும் 30 வாற் லைற், நாளுக்கு அரை மணித்தியாலம் எரிந்தாலும் மாதத்துக்கு அரை அலகைத் தாண்டாது. திடீரென எரியும் வெளிச்சத்தில் வந்தவரும் திகைப்பார், வீட்டில் இருப்பவரும் விழிப்பார்.

இணைப்பதற்கு மூன்று வழிகள்

முதலாவது, கடைகளில் சென்சர் லைற் என்று கேட்டால் தரும் விளக்கு. அதில் உள்ள உணரி உடம்புச் சூட்டின் அசைவைக் கண்டு லைற்றை எரிய வைக்கும். கமராவுக்கும் இதற்கும் வயர்த் தொடர்பு வேண்டியதில்லை. லைற் எரிந்ததும் கமரா தானாகவே நிறத்துக்கு மாறிவிடும். செலவு குறைவு, பழுதானால் மாற்றுவதும் சுலபம். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, பதிவுப் பெட்டியான டி.வி.ஆரில் இருந்தே லைற்றை இயக்குவது. பல பெட்டிகளின் பின்புறத்தில் அலாம் அவுட் என்று ஓர் இணைப்பு இருக்கும். கமரா அசைவைக் கண்டதும் பெட்டிக்குள் இருக்கும் சிறிய சுவிச் மூடும். அந்தச் சுவிச் குறைந்த மின்னைத் தாங்கவே செய்யப்பட்டது. அதற்கூடாக 230 வோல்ற் மின்சாரத்தை நேரே கொண்டுபோனால் பெட்டி எரியும், தொட்டவர் உயிருக்கும் ஆபத்து. இடையில் 12 வோல்ற்றில் இயங்கும் தனி றிலே ஒன்றைப் பெட்டியிட்டுப் பூட்ட வேண்டும். டி.வி.ஆர். றிலேயை இயக்கும், றிலே லைற்றை இயக்கும்.

இந்த வழியில் ஒரு சிக்கல் உண்டு. லைற் அணையும்போது படம் முழுவதும் மாறுவதால், கமரா அதையே அசைவு என்று எண்ணி லைற்றை மீண்டும் எரிய வைக்கும். விடியும் வரை லைற் எரிந்து எரிந்து அணையும். பெட்டியில் மனிதரை மட்டும் இனங்காணும் வசதி இருந்தால் அதைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் முதல் வழிக்கே போவது நல்லது.

மூன்றாவது, கமராவுக்குள்ளேயே வெள்ளை லைற் உள்ள வகை. சிறிய முற்றத்துக்கு நல்லது. தென்மராட்சியின் பரந்த தென்னங்காணிகளில் அதன் வெளிச்சம் கிணற்றடி வரைக்கும் போய்ச் சேராது. பூச்சிகள் லைற்றைத் தேடி வந்து கமராவின் கண்ணுக்கு முன்னாலேயே பறக்கும். அவற்றைத் தேடிச் சிலந்தி வந்து வலை பின்னும்.

எங்கே பூட்டுவது?

மாமி வீட்டில் முதலில் பூட்டிய லைற் கமராவுக்கு எதிரே, அதன் கண்ணைப் பார்த்தபடி இருந்தது. எரிந்ததும் படம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. லைற் எப்போதும் கமராவின் பின்னாலோ பக்கத்திலோ இருந்து, அது பார்க்கும் திசையிலேயே விழ வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு மீற்றராவது தள்ளியிருந்தால் பூச்சித் தொல்லை குறையும்.

உணரியை இரண்டிலிருந்து இரண்டரை மீற்றர் உயரத்தில் பூட்டலாம். தன்னை நோக்கி நேரே வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது விரைவாகக் காணும். ஆகவே படலையிலிருந்து வரும் பாதைக்குப் பக்கவாட்டில் வையுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் காற்றின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கும் இரவுகளில் அது ஆளைத் தவறவிடவும் கூடும்.

லைற் எரிந்த பிறகு கமரா நிறத்துக்கு மாறச் சில விநாடிகள் எடுக்கும். ஆகவே ஆள் கிணற்றடிக்கு வருமுன்னரே லைற் எரிய வேண்டும், எரிந்தால் இரண்டு நிமிடமாவது நிற்க வேண்டும். கட்டிலில் இருந்தபடியே எரியவிடக்கூடிய சாதாரண சுவிச் ஒன்றையும் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள். வயதானவர் இருளுக்குள் வெளியே போய்ப் பார்க்கக் கூடாது.

மழை, மின்னல், மின்வெட்டு

ஐப்பசி, கார்த்திகை மழையையும் கடல்நீரேரிப் பக்கத்து உப்புக் காற்றையும் தாங்க ஐ.பி. 65 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் குறித்த லைற்றை வாங்குங்கள். வயரை லைற்றின் கீழ்ப்புறத்தால் நுழைத்து, நுழையும் இடத்துக்கு முன் ஒரு தொங்கல் வளைவு விட்டால் மழைநீர் வயர் வழியே உள்ளே போகாமல் சொட்டிவிடும். வெளி லைற்றுக்கான இணைப்பு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சுக்கூடாகவே போக வேண்டும், லைற்றின் உலோக உடலுக்கு எர்த் இருக்க வேண்டும். இந்த வேலையைத் தகுதி உள்ள மின்னிணைப்பாளரிடம் கொடுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் டி.வி.ஆரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நான்கு கமராவும் டி.வி.ஆரும் சேர்ந்து ஏறக்குறைய 30 வாற் எடுக்கும். 12 வோல்ற், 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று அவற்றை இரண்டு மணித்தியாலம் தாங்கும். அதே பற்றரியில் 10 வாற், 12 வோல்ற் லைற் ஒன்றையும் இணைக்கலாம். ஆள் வரும்போது மட்டும் எரிவதால் பற்றரி அதிகம் இறங்காது.

கடவுச்சொல்லும் பதிவும்

கமராவோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016 ஒக்ரோபரில் உலகின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை முடக்கிய மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றித்தான் அதைச் செய்தது. பூட்ட வந்தவருக்குத் தெரிந்த கடவுச்சொல், வேலை முடிந்ததும் மாற வேண்டும். பூட்டு மாற்றுவது போலத்தான் இதுவும்.

நான்கு கமராக்கள் நடுத்தரத் தரத்தில் ஓயாமல் பதிவுசெய்தால் ஒரு டெராபைட் வன்தட்டு 11 நாட்களில் நிறைந்து பழையது அழியத் தொடங்கும். சம்பவம் நடந்தால் அன்றே பிரதி எடுங்கள். பெட்டியின் நேரம் சரியாக உள்ளதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பெட்டியை வந்தவர் கண்ணில் படும் வரவேற்பறையில் வைக்காதீர்கள்.

வெளிச்சம் யாருடைய வீட்டுக்குள் விழுகிறது?

2000ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, இடிந்த சுவர்களில் இருந்து வீடு கட்டியவர்கள் வாழும் பகுதி இது. பரா வெளிச்சத்தில் பங்கருக்குள் பதுங்கியவர்களும், முகாம் வெளிச்சம் யன்னலால் உள்ளே விழ நித்திரையின்றிக் கிடந்தவர்களும் இன்னும் இங்கே இருக்கிறார்கள். நடுச்சாமத்தில் அயல் வீட்டு லைற் திடீரென முகத்தில் அடித்தால் அவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை நாங்கள் யோசிக்க வேண்டும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் முற்றிலும் தன் வீட்டுத் தேவைக்காகச் செய்பவற்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் எல்லை இறுக்கமானது. செக் குடியரசில் ஒருவரின் வீட்டு யன்னலைக் கவண் எறிந்து உடைத்தவர்களை அவருடைய கமரா காட்டிக்கொடுத்தது. இருந்தும், பொது வீதியையும் பார்க்கும் கமராவை வெறும் வீட்டுத் தேவை என்று கொள்ள முடியாது என 2014 மார்கழியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் எப்படியிருந்தாலும், கமராவையும் லைற்றையும் உங்கள் வேலிக்குள் நிறுத்துங்கள். அயல் வீட்டுக் கிணற்றடி படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது. முகம் தெளிவில்லாத காணொளியை வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். பொலிசில் முறைப்பாட்டோடு கொடுங்கள்.

மாமி வீட்டில் இப்போது இரண்டு சென்சர் லைற்றுகள், ஒன்று படலைப் பாதையில், மற்றது கிணற்றடியில். பூட்டிய அன்று இரவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருடைய யன்னலில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கச் சொன்னோம். விழுந்தது. லைற்றைக் கீழ்நோக்கிச் சரித்தோம்.

போன கிழமை நான் போயிருந்தபோது, இரவு 11 மணிக்குக் கிணற்றடி லைற் எரிந்தது. மாமி எழும்பவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்தார். கட்டறுத்து வந்த ஓர் ஆடு, தெளிவாக, மண்ணிறத்தில் நின்றது. "உது அவையின்ர ஆடு தம்பி, காலமை கொண்டுபோய் விடுவம்" என்றார்.

மோட்டாரை எடுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. அந்தப் பொடியன் மாமி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அதைச் சரிசெய்ய மாமிதான் ஒருநாள் அவன் வீட்டுப் படலைக்குப் போக வேண்டியிருக்கும்.