மண்ணைத் தொட்டால் மனசு லேசாகும்!

கண்ணுங்களா, முதலில் ஒரு சின்ன விளையாட்டு. 'சிவப்பு' என்ற சொல்லை நீலப் பேனாவால் எழுதுங்கள். 'பச்சை'யைச் சிவப்பிலும், 'நீலம்' என்பதைப் பச்சையிலும் எழுதுங்கள். இப்படி இருபது சொற்கள். இப்போது சொல்லைப் படிக்காமல், அது எந்த நிறத்தில் இருக்கிறது என்று மட்டும் கடகடவென்று சொல்லுங்கள் பார்க்கலாம். நாக்கு தடுமாறுகிறதா? எரிச்சல் வருகிறதா? கணக்குப் பரீட்சையில் கடைசி மணி அடிக்கும்போது ஒரு தவிப்பு வருமே, அதன் தம்பிதான் இது!

நெதர்லாந்து நாட்டில், தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு இப்படி ஒரு சோதனை கொடுத்தார்கள். படபடப்பு ஏறியதும், பாதிப் பேரைத் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் 30 நிமிடம். பிறகு எச்சிலைச் சோதித்தார்கள். எச்சிலில் என்ன தெரியும் என்கிறீர்களா? நாம் பதறும்போது 'கார்ட்டிசால்' என்ற சுரப்பு உடம்பில் கூடும். அது எச்சிலிலும் தெரியும். படித்தவர்களுக்கும் அது குறைந்தது. ஆனால் மண்ணில் கை வைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகக் குறைந்தது. வாடிய மனசும் பழையபடி தெளிந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வு இது. (அதற்காகப் பாடப்புத்தகத்தை மூடிவிடாதீர்கள்! அந்த 30 பேரும் ஏற்கெனவே தோட்டப் பிரியர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.)

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும், நோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்குத் தரும் பயிற்சிகளில் தோட்ட வேலை உண்டு.

நெல்சன் மண்டேலா கதை தெரியுமா? தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, 27 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். 1982-ல் அவரைப் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே மொட்டைமாடி முழுக்க சிமென்ட். அவர் சும்மா இருந்தாரா? எண்ணெய் பீப்பாய்களை இரண்டாகப் பிளந்து தொட்டியாக்கி, மண் நிரப்பி, வெங்காயம், தக்காளி, கத்தரி, கீரை என்று வளர்த்தார். காய்களைச் சிறைச் சமையலறைக்கும் காவலர்களுக்கும்கூடக் கொடுத்தார். எப்போது எழுவது, எப்போது தூங்குவது என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்யும் இடம் சிறை. அங்கே அவர் சொந்தமாக முடிவெடுக்கக் கிடைத்த சிலவற்றில் தோட்டமும் ஒன்று. அந்த நிறைவைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பள்ளி, டியூஷன், மறுபடி டியூஷன் என்று ஓடும் உங்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன்!

எங்கள் பீளமேட்டில் முன்பு வீட்டுக்கு வீடு பொடக்காலி இருந்தது. கறிவேப்பிலையும் முருங்கையும் அங்கேதான் நிற்கும். இப்போது அவிநாசி சாலையை ஒட்டி அடுக்குமாடிகள். பொடக்காலிக்கு எங்கே போவது? மேலே போகலாம்! 2013-14-ல் தமிழக அரசு மாடித்தோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, சென்னையையும் நம் கோவையையும்தான் தேர்ந்தெடுத்தது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, ஒரு தொட்டியோடு தொடங்குங்கள்.

மண், மட்கிய உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவு சேர்த்தால் தொட்டி கனக்காது, ஈரமும் நிற்கும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும்.

என்ன விதைக்கலாம்? என் ஓட்டு கீரைக்குத்தான். விதைப் பொட்டலங்களில் 'கோ' என்ற எழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நம் வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த ரகங்களுக்கு அந்தப் பெயர். 'கோ' என்றால் கோயமுத்தூர்! 'கோ 3' கீரையை வேரோடு பிடுங்க வேண்டாம். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும்.

வெயில் ஏறுவதற்கு முன்போ, சாய்ந்த பிறகோ மாடிக்குப் போங்கள். குனிந்து, நிமிர்ந்து, வாளி தூக்கினால் உடற்பயிற்சியும் ஆயிற்று. கையில் காயம் இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இன்னொன்று, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. டெங்கு கொசு அதிலேதான் முட்டையிடும். அந்தத் தட்டைக் கவிழ்ப்பது உங்கள் பொறுப்பு, அம்மாவுடையது அல்ல!