அழகு ஒன்று, சொற்கள் பல

ஆங்கிலக் கட்டுரை ஏட்டில் எங்களுள் ஒருத்தி, தன் தந்தையைப் 'பிரிட்டி' என்று எழுதிவிட்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "அகராதியில் அழகு என்றுதானே போட்டிருக்கிறது?" என்று அவள் கேட்டாள். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

'பியூட்டிஃபுல்' என்பது பெரிய சொல். பெண்ணுக்கும் மலைக்கும் இசைக்கும் நற்செயலுக்கும் அது பொருந்தும். 'பிரிட்டி' சிறிய, மென்மையான அழகைக் குறிக்கும். சிறுமிக்கும் பூப்போட்ட பாவாடைக்கும் ஏற்றது, அப்பாவுக்கு ஏற்றதன்று! பழைய ஆங்கிலத்தில் அதற்குத் தந்திரம் மிக்க என்பது பொருளாம். 'கியூட்' என்பது 'அக்யூட்' என்பதன் குறுக்கம். முன்பு கூர்மதியைக் குறித்தது. இன்று குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் வழங்குகிறது. 'அட்ராக்டிவ்' என்றால் தன்பால் இழுப்பது. முக அழகு இல்லாதவரும் பேச்சாலும் பண்பாலும் பிறரை இழுக்கலாம் அல்லவா?

'கிளாமர்' என்ற சொல் 'கிராமர்' என்பதிலிருந்து ஸ்காட்லாந்தில் திரிந்து பிறந்தது. கற்றவர் மந்திரமும் அறிவர் என்று மக்கள் எண்ணியதால், கண்ணை மயக்கும் மாயத்திற்கு அப்பெயர் வந்தது. இலக்கண வகுப்பில் கொட்டாவி விடும் எங்களுக்கு இது பெருவியப்பு!

தமிழிலும் இவ்வேற்றுமை உண்டு. உறுப்புகள் பொருந்தியிருந்தால் இலட்சணம் என்கிறோம். முகத்தில் ஒளி இருந்தால் களை என்கிறோம். யாழ்ப்பாணத்தார் அழகை வடிவு என்பர். முருகு என்னும் சொல்லில் அழகோடு இளமையும் மணமும் தெய்வத்தன்மையும் அடங்கும். 'முருகன் அல்லது அழகு' என்ற நூலை எழுதிய திரு.வி.க. 1883-ஆம் ஆண்டு துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அது இன்று தண்டலம் எனப்படுகிறது. எங்கள் ஊருக்கும் அதே பெயர் என்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி.

'ஹேண்ட்சம்' என்னும் சொல்லை இறுதியில் வைத்தோம். அதனுள் கையைக் குறிக்கும் 'ஹேண்ட்' இருக்கிறது. கையாள எளியது, தக்கது என்று பொருள் வளர்ந்து, பிறகே தோற்றத்தைக் குறித்தது. பெரும்பாலும் ஆண்களுக்கே சொல்வர். ஆயினும் நிமிர்ந்த தோற்றமும் கம்பீரமும் உள்ள பெண்ணுக்கும் அது பொருந்தும்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து, நாங்கள் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்குவார். அவர் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான். பெண் பார்க்க வந்தவர்கள், "நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிப் போய்விட்டார்கள். அன்று அவர் அழுததை நாங்கள் பார்த்தோம். மறுநாள் காலை, தூங்காத கண்களோடு, தலை நிமிர்ந்து அவர் நடந்து வந்தபோது எங்களுக்கு நினைவு வந்த சொல் 'ஹேண்ட்சம்'. தமிழில் சொன்னால், முகத்தில் அத்தனை களை!

வந்தவர்கள் நிறத்தை மட்டும் பார்த்தார்கள். நாங்கள் அக்காவைப் பார்த்தோம். தோழியரே, ஒருத்தியை அழகில்லை என்று சொல்லுமுன், நமக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று எண்ணிப் பார்ப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவியர்