முற்றத்துத் தரையும் தூணின் அத்திவாரமும்



முற்றத்துக்குக் கொங்கிறீற்றுத் தரை இட்டவர்கள், பின்னாளில் அதன்மேற் கூரை அமைக்க விரும்புவது இயல்பு. அப்பொழுது சிலர் தூண்களைத் தரைமீதே நிறுத்திவிடுகின்றனர். 4 அங்குலத் தரை, நடமாட்டத்தைத் தாங்க இடப்பட்டதேயன்றி, ஓரிடத்திற் குவியும் கூரையின் பாரத்துக்காக இடப்பட்டதன்று. அன்றியும், கூரை கீழ்நோக்கி அழுத்துவது மட்டுமன்று. பெருங்காற்றில் மேல்நோக்கியும் எழும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இதனை நமக்கு உணர்த்திற்று. ஆகவே, தூணைத் தாங்குவதற்கும் பிடித்து நிறுத்துவதற்கும் தனி அத்திவாரம் வேண்டும்.

நீர்க்குழாய், மின்கம்பி அடியில் இல்லையென உறுதிசெய்தபின், தூண் நிற்குமிடத்தில் 2 அடிச் சதுரத்தை வாளால் ஆழக் கீறி உடைத்தெடுக்க வேண்டும். கீறாது உடைத்தால் வெடிப்பு அப்பாலும் பரவும். பின்னர் இறுகிய நிலம் காணும்வரை தோண்டி, அடியை இடித்திறுக்கி, சீமெந்து 1 பங்கு, மணல் 2 பங்கு, கருங்கற்சல்லி 4 பங்கு சேர்ந்த கலவையை இடுக. தூணைப் பிணைக்கும் இரும்பாணிகளை அது இறுகுமுன்னரே பதித்தல் வேண்டும். 2 அடி ஆழமுள்ள அத்திவாரம் ஏறத்தாழ 1,200 இறாத்தல் நிறையுடையது. கூரையைக் காற்றுக்கு விட்டுக்கொடாதிருப்பது அந்நிறையே.

பழைய தரைக்கும் புதிய அத்திவாரத்துக்குமிடையே தார் பூசிய அட்டையை வைத்துப் பிரித்தல் அவசியம். அத்திவாரம் சிறிது அமிழினும் தரை வெடியாது. 7 நாள் ஈரச்சாக்கால் மூடிவைத்த பின்னரே தூணை நிறுத்துக.

தோண்டும் உழைப்பு ஓரிரு நாளினது. கூரையின்கீழ் இருப்போரின் பாதுகாப்போ பல்லாண்டுக்குரியது.